பழைய ரவைக்கு விலை குறிக்கும் கலை

பழைய ரவைக்கு விலை சொல்வது பெரிய படிப்பு. அமெரிக்காவில் அதற்கென்றே கண்காட்சி நடக்கிறது, விலைப் புத்தகம் வருகிறது, உருப்பெருக்கியை மாட்டிக்கொண்டு ஒரு ரவையின் குண்டியைக் கால் மணித்தியாலம் உற்றுப் பார்க்கும் பெரியவர்கள் இருக்கிறார்கள். எந்த நாடு, எந்த ஆலை, எந்த ஆண்டு, என்ன பெட்டி, ஈரம் பட்டதா, அடித்தால் வெடிக்குமா என்று எல்லாம் பார்த்துத்தான் விலை விழும். ஓர் இராணுவம் உபரி என்று கழித்துவிட்ட சாமானுக்கு அவ்வளவு மரியாதை.

அந்தப் பெரியவர்களைக் கனகராயன்குளத்துக்கு ஒருமுறை அழைக்க விரும்புகிறேன். வவுனியாவிலிருந்து ஏ9 வீதியில் வடக்கே ஏறி, ஓமந்தை, புளியங்குளம் தாண்டினால் மாங்குளத்துக்கு முன்னால் வரும் ஊர். குளம் உண்டு, வயல் உண்டு, கச்சானும் உழுந்தும் உண்டு. மண்ணுக்குள்ளே உலகத் தரத்தில் ஒரு சேகரிப்பும் உண்டு. விதைக்காமல் விளைந்தது, உரமானியம் கேட்காதது, மழைக்கு மழை தானாக மேலே வருவது. பார்வையிடக் கட்டணம் இல்லை. எடுத்துப் பார்த்தால்தான் கட்டணம். அது பின்னால் வரும்.

ஆர்வலர்களின் வசதிக்காக அவர்களுடைய விதிகளையே எடுத்து, வன்னி நடைமுறையோடு இங்கே தருகிறேன்.

முதலாம் விதி: குண்டியைப் பார்

ரவையின் அடித்தட்டில் ஆலையின் குறியும் செய்த ஆண்டும் குத்தியிருக்கும். சீனத்து 7.62 என்றால் ஆலை இலக்கமும் ஆண்டின் கடைசி இரண்டு எண்ணும். பழைய பொலிஸ்காரர் தோளில் தொங்கிய .303 வகையில், புனேக்குப் பக்கத்துக் கிர்க்கி ஆலையில் செய்தது என்றால் கே.எஃப் என்ற எழுத்து. ஐம்பது வருடம் மண்ணில் கிடந்தாலும் தேய்த்துப் பார்த்தால் தெரியும். பிறந்த இடமும் ஆண்டும் அப்படியே இருக்கும்.

எங்கள் சனத்துக்கு இந்த வசதி கிடைக்கவில்லை. ஓடி ஓடிப் பிறப்புச் சான்றிதழைத் தொலைத்துவிட்டு, தான் பிறந்ததை நிரூபிக்கப் பிரதேச செயலகத்தில் வரிசையில் நின்றவர்கள் வன்னியில் எத்தனை ஆயிரம் பேர்! சீனத்தில் பிறந்த ரவைக்கு அடையாளம் உண்டு. அது துளைத்துப் போன ஆளுக்கு இறப்புச் சான்றிதழே இழுபறி. ஆகவே முதலாம் விதிப்படி ரவைக்குப் பத்துக்குப் பத்து.

இரண்டாம் விதி: கைமாறிய வரலாறு

யார் யாரிடம் இருந்தது என்று தெரிந்தால் விலை ஏறும். இதில் எங்கள் ஊரை வெல்ல ஆளில்லை.

1997 மே 13இல் ஆமியின் ‘ஜயசிக்குறு’ நடவடிக்கை தொடங்கியது. ஏ9 வீதியைப் பிடித்து வவுனியாவையும் கிளிநொச்சியையும் இணைப்பது திட்டம். ஒன்றரை வருடம் அடித்தும் வீதி முழுதாகக் கைக்கு வரவில்லை. 1998 டிசம்பரில் நடவடிக்கையை மூடினார்கள். பிடித்த அளவுக்குக் காவலரண் போட்டு இருந்தார்கள். 1999 நவம்பர் 2இல் புலிகளின் ‘ஓயாத அலைகள் 3’ வந்தது. ஒன்றரை வருடத்தில் பிடித்ததைச் சில நாளில் விட்டுவிட்டு ஆமி தெற்கே போனது. கனகராயன்குளம் இயக்கத்தின் கைக்கு மாறியது. 2008 இறுதியில் மறுபடி ஆமியின் கைக்கு.

ஆகவே ஒரு ரவையின் வாழ்க்கைக் குறிப்பு இப்படி அமையலாம்: சீனத்தில் பிறப்பு. கொழும்பின் வரிப்பணத்தில் கொள்வனவு. ஏ9 வீதியோர முகாமொன்றில் வாசம். 1999இல் இயக்கத்திடம் இடமாற்றம். வாங்கிய அரசின் சிப்பாயையே தேடிப் பயணம். தப்பிக் கிடந்த அதன் உடன்பிறப்பு 2008இல் ‘கைப்பற்றப்பட்டது’ என்ற பெயரில் பழைய முதலாளியிடமே திரும்பி, தொலைக்காட்சிக்காரருக்கு முன்னால் மேசையில் அடுக்கு. அரசும் இயக்கமும் சண்டை பிடித்துக்கொண்டே சேர்ந்து நடத்திய ஒரேயொரு பலநோக்குக் கூட்டுறவுச் சங்கம் அந்த வெடிமருந்துக் களஞ்சியந்தான்.

சில சாமான் முகாமுக்கு வர முதலே சங்கத்துக்குப் போனதும் உண்டு. 1997இல் இலங்கை இராணுவம் சிம்பாப்வேயின் அரச ஆயுதக் கம்பனியிடம் 32,400 மோட்டார் செல் வாங்கியது. மொசாம்பிக்கின் பெய்ரா துறைமுகத்தில் கப்பலேறியது. கொழும்புக்கு வரவில்லை. புலிகளின் கப்பல் அதை வழியிலேயே தன் கணக்கில் ஏற்றிக்கொண்டு போனது. காசு கொடுத்தது ஒருவர், பாவித்தது இன்னொருவர், தலையில் வாங்கியது மூன்றாமவர்.

இதில் எங்கள் பங்கையும் சொல்லவேண்டும். 2002இல் பாதை திறந்தபோது தெற்கிலிருந்து வரும் சாமானுக்கு ஓமந்தைக்கு அந்தப்பக்கம் கொழும்பின் வரி, இந்தப்பக்கம் இயக்கத்தின் வரி. கனகராயன்குளத்தில் ஒரு சவர்க்காரக் கட்டி வாங்கினவரும் இரண்டு படைக்கும் ரவை வாங்கிக் கொடுத்தார். கணக்கின்படி மண்ணுக்குள் கிடக்கிற அத்தனையும் எங்கள் காசில் வாங்கிய எங்கள் உடைமை. யாராவது சட்டத்தரணி இந்த வாதத்தை எடுத்துக்கொண்டு நீதிமன்றம் போகலாம். திரும்பி வருவாரா என்பதற்கு நான் பொறுப்பில்லை.

வெளிநாட்டில் இருக்கும் எங்கள் உறவுகளும் பங்குதாரர்கள்தான். நவம்பர் வந்தால் அங்கே பறக்கும் கொடியில் புலித் தலையைச் சுற்றி 33 ரவை. அவை துருப்பிடிக்காத ரவை. ரொறன்ரோவிலும் லண்டனிலும் ஒருவர் காலையும் எடுக்காது. எடுக்கிற வகையை எங்களுக்கு அனுப்பிவிட்டு, எடுக்காத வகையைத் தாங்கள் வைத்துக்கொண்டார்கள்.

மூன்றாம் விதி: பெட்டி உடையாமல் இருக்கவேண்டும்

முத்திரை உடைக்காத தகரப் பெட்டிதான் சேகரிப்பவரின் சொர்க்கம். பெட்டியின் மகிமைக்கு உலகறிந்த கதை ஒன்று உண்டு. 2007 ஜனவரியில் ஆப்கானிஸ்தான் படைகளுக்கு ரவை வாங்கிக் கொடுக்க, ஏறத்தாழ 300 மில்லியன் டொலர் ஒப்பந்தத்தை அமெரிக்கா மயாமி பீச்சில் இருந்த ஒரு கம்பனிக்குக் கொடுத்தது. தலைவர் எஃப்ரயிம் டிவெரோலி; அப்போது அவருக்கு வயது 21. தம்பி சாமான் தேடிப் போன இடம் அல்பேனியா. அங்கே பனிப்போர்க் காலத்திலிருந்து மலை மலையாகச் சீனத்து ரவை கிடந்தது. சீனத்து ரவை வாங்கக்கூடாது என்பது அமெரிக்கச் சட்டம். அதற்கென்ன? சீன எழுத்துள்ள பெட்டியைப் பிரித்து, ரவையை அள்ளி, வெறும் மட்டைப் பெட்டியில் போட்டார்கள். சீன ரவை மதம் மாறியது. 2008 மார்ச்சில் நியூயோர்க் ரைம்ஸ் எழுதும்வரை ஆப்கான் சிப்பாய் தன் வயதைவிட மூத்த ரவையை வைத்துக்கொண்டு நின்றான். அதே மாதம் 15ஆம் திகதி அல்பேனியாவின் கெர்டெக் ஊரில் பழைய வெடிபொருள் பிரிக்கும் இடம் வெடித்து 26 பேர் செத்தார்கள். பிரிக்கப் போனவர்களில் பலர் ஊர்ச் சனம்.

இலங்கையில் பெட்டி மாற்றும் தொழில் ஒளிவு மறைவில்லாமல் நடக்கிறது. முகாமின் தகரப் பெட்டியில் இருந்தால் தேசிய பாதுகாப்பு. அதே ரவை போர் அருங்காட்சியகத்தின் கண்ணாடிக்குள் இருந்தால் வீர வரலாறு. கண்ணிவெடி அகற்றுகிறவரின் பையில் இருந்தால் அழிக்கவேண்டிய எச்சம். ஒரு கமக்காரனின் மண்வெட்டி இடறி, அவன் கொட்டிலில் பழைய பால்மாப் பேணிக்குள் இருந்தால் நாட்டைப் பிளக்கும் சதி.

நான்காம் விதி: வைப்பு முறை

குளிர்ந்த, உலர்ந்த இடம் வேண்டும். ரவைக்குள் இருக்கும் மருந்து காலம் போகப் போகத் தானாகவே கெடும். கெடாமல் காக்கச் சேர்த்த இரசாயனம் வெக்கையில் சீக்கிரம் தீரும். இதைத் தெரிந்தவர்கள் இராணுவக் களஞ்சியப் பொறுப்பாளர்கள். பழைய வெடிபொருளை அவர்கள் எப்படி வைத்திருந்தார்கள் என்பதைக் கொஸ்கமவிலுள்ள சாலாவைச் சனத்திடம் கேட்கலாம். 2016 ஜூன் 5 அன்று அங்கிருந்த இராணுவக் களஞ்சியம் தீப்பற்றியது. செல் துண்டுகள் வீட்டுக் கூரைமேல் வந்து விழுந்தன. ஒரு சிப்பாய் இறந்தார், நூற்றுக்கணக்கான வீடுகள் பாழாயின, சனம் இரவோடிரவாகப் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓடியது. ஓடியது சிங்களச் சனம். எந்தப் பக்கம் ஓடுவது, எதற்குள் படுப்பது என்று சொல்லிக் கொடுக்க அந்த இரவில் ஒரு வன்னிக் கிழவி பக்கத்தில் இல்லாமல் போனாள். இருந்திருந்தால் ஓட விட்டிருக்கமாட்டாள்; முற்றத்தில் பங்கர் வெட்ட வைத்திருப்பாள். பிறகு நட்டஈட்டுக்கு அலைந்த அலைச்சலையும் முன்கூட்டியே சொல்லி வைத்திருப்பாள்.

தலைநகருக்கு ஒரு மணித்தியாலத் தூரத்தில், காவல் போட்டு, பதிவேடு வைத்துப் பாதுகாத்த ரவையின் கதை அது. காவலும் பதிவேடும் இல்லாமல் எங்கள் வளவுக்குள் வைத்திருப்பதைப் பற்றி யாரும் விசாரணைக் குழு போடவில்லை. பற்றையை வெட்டிக் குவித்து நெருப்பு வைத்தால் எங்கள் ஊரில் எல்லாரும் தள்ளி நிற்பார்கள். முதல் ரவை வெடித்ததும் இன்னும் தள்ளி நிற்பார்கள். துவக்குக் குழல் இல்லாமல் நெருப்பில் வெடிக்கிற ரவை ஆளைத் துளைக்கிற வேகத்தில் போகாது. கோது கிழிந்து சிதறும். கண்ணையோ விரலையோ மட்டும் கேட்கும். சேகரிப்பவர்களின் அகராதியில் இதற்குப் பெயர் ‘இன்னும் உயிரோடு இருக்கிற ரவை’. விலை கூட.

விலையைக் கண்ணால் பார்க்க ஆசைப்படுகிறவர்கள் கண்ணிவெடி அகற்றும் பெண்களைப் போய்ப் பார்க்கலாம். முகமாலை வெயிலில் தலைக்கவசம் போட்டு, முழங்காலில் இருந்து, ஒரு சாண் ஒரு சாணாக நகர்கிறவர்களில் பலர் வன்னிப் பெண்கள். போரில் புருஷனை இழந்து வீட்டுப் பாரத்தைத் தனியே தூக்குகிறவர்கள். கருவி கத்தினால் தோண்டியே ஆகவேண்டும். கத்தினது மிதிவெடிக்கா, ரவைக்கோதுக்கா, ஆணிக்கா என்று கருவிக்குத் தெரியாது. ஒவ்வொரு பழைய ரவையும் அந்தப் பெண்ணின் வாழ்நாளில் சில நிமிடத்தைத் தின்றுவிட்டுத்தான் வெளியே வருகிறது. இலங்கை ஒட்டாவா உடன்படிக்கையில் 2017 டிசம்பரில் சேர்ந்தது; மிதிவெடியை அகற்றி முடிக்க 2028வரை தவணை. விதைக்க ஓர் இரவு போதுமாயிருந்தது. பொறுக்க ஒரு தலைமுறை.

ஐந்தாம் விதி: காந்தம்

உள்ளூர் மதிப்பீட்டாளர் மோட்டார் சைக்கிளில் வருவார். பின்னால் சாக்கு, ஹாண்டிலில் தராசு, சேர்ட் பையில் ஒரு காந்தத் துண்டு. பழைய இரும்புக்காரர். அமெரிக்கப் பெரியவரைவிட வேகமாக விலை சொல்லக்கூடியவர். கனகராயன்குளத்தில் எந்தப் படலையிலும் கேட்கக்கூடிய பேச்சு இது:

“ஐயா, பித்தளை, அலுமினியம், பழைய பற்றரி ஏதும் கிடக்கோ?”

“உதைப் பார் தம்பி. கச்சானுக்குக் கொத்தேக்க வந்தது.”

காந்தத்தை வைக்கிறார். ஒட்டிக்கொள்கிறது.

“உது பித்தளை இல்லை ஐயா. இரும்பில செப்புப் பூசினது, ரி-56இன்ர. வெறுங்கோதெண்டாலும் பரவாயில்லை, உது மண்டையோட கிடக்கு. வேண்டாம்.”

“அப்ப பொலிசில குடுக்கட்டோ?”

“குடுத்தால் வந்து எடுப்பினம். பிறகு உங்களையும் வந்து எடுப்பினம்.”

“அப்ப என்னதான் செய்ய?”

“கிடந்த கிடங்கில போட்டு மூடுங்கோ. என்னட்டக் காட்டினதெண்டு ஒருத்தரிட்டயும் சொல்லாதேங்கோ.”

மூடிய கிடங்கை அடுத்த போகத்தில் பேரன் கொத்துவான்.

ஆறாம் விதி: யார் கை?

இந்த விதி வேறெந்த நாட்டு விலைப் புத்தகத்திலும் இல்லை. எங்களுடைய பங்களிப்பு. இலங்கையில் ரவைக்கென்று சட்டத்துக்குக் குறைவில்லை: 1916இன் சுடுகலன் கட்டளைச் சட்டம், 1956இன் வெடிபொருள் சட்டம், 1966இன் ஆபத்தான ஆயுதச் சட்டம். இவற்றின்படி பிடித்தால் சாதாரண நீதிமன்றம். வடக்கில் ரவைக்கு அப்படிச் சாதாரண மரியாதை போதாது என்றுதான் 1979இல் பயங்கரவாதத் தடைச் சட்டம் தற்காலிகமாக வந்து, 1982இல் நிரந்தரமாகக் குந்தியது. பிடித்து 18 மாதம்வரை வழக்கில்லாமல் வைக்கக்கூடியதாயிருந்தது. உலகம் முறைத்ததால் 2022இல் அதை 12 மாதமாகக் குறைத்து, பெரிய மனது காட்டினார்கள். உதவிப் பொலிஸ் அத்தியட்சகருக்கு முன்னால் கொடுத்த வாக்குமூலமே சாட்சியாகும். எப்படிக் கொடுக்க வைத்தார்கள் என்பதைக் கொடுத்தவரே நிரூபிக்கவேண்டும்.

ரவைகளின் எண்ணிக்கை கூடினால் குற்றம் கூடும் என்று நீங்கள் நினைத்தால், உங்களுக்கு இந்த நாட்டைப் பற்றித் தெரியாது. 2015 ஒக்டோபரில் காலிக் கடலில் அவன்ற் காட் என்ற தனியார் பாதுகாப்புக் கம்பனியின் கப்பலொன்றைக் கடற்படை பிடித்தது. உள்ளே 800க்கும் மேற்பட்ட துவக்கு, இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட ரவை. யாருடைய கச்சான் தோட்டத்திலும் கொத்தி எடுத்ததல்ல. பாராளுமன்றத்தில் சட்டம் ஒழுங்கு அமைச்சர் திலக் மாரப்பனவே அந்தக் கம்பனிக்காக வாதாடினார். எழுந்த கூச்சலில் அடுத்த சில நாளில் பதவியை விட்டார். பின்னால் வேறு அமைச்சுப் பதவிக்கு வந்தும் சேர்ந்தார். ஒரு ரவை இருந்தால் பயங்கரவாதம். இரண்டு லட்சம் இருந்தால் வர்த்தகம்.

2025 தொடக்கத்தில் ஜனாதிபதி அநுர குமார திசாநாயக்க சொன்ன கணக்கும் இருக்கிறது. ஒரேயொரு இராணுவ முகாமிலிருந்து 73 ரி-56 துவக்குகள் பாதாள உலகக் கும்பல்களின் கைக்குப் போயிருக்கின்றன, 38 மீட்கப்பட்டன. மிச்சம் 35ம் எங்கே என்று தேட, கனகராயன்குளத்தில் ஒருவருடைய வீட்டையும் கிண்டவேண்டியதில்லை. ஆனால் தேடும் இயந்திரம் பழக்கத்தில் வடக்கேதான் திரும்பும். வன்னியில் நீதிமன்ற அனுமதியோடு ஜேசிபி கொண்டுவந்து புலிகளின் தங்கம் தேடிக் கிண்டின கிடங்குகள் எத்தனை! தண்ணீர் வந்ததுண்டு. தங்கம் வரவில்லை. காணாமல்போன பிள்ளையைத் தேடிக் கிண்டித் தாருங்கள் என்று ஒரு தாய் கேட்டால் அதே ஜேசிபிக்கு டீசல் இருக்காது. 2023 ஜூனில் கொக்குத்தொடுவாயில் மனிதப் புதைகுழி வெளியே வந்தது யாரும் தேடியதால் அல்ல. தண்ணீர்க் குழாய் பதிக்கக் கிண்டியதால்.

ஏழாம் விதி: விட்டம்

ரவையின் விட்டத்தை மில்லிமீற்றரில் அளக்கவேண்டும். இது சேகரிப்பவருக்கு அடிப்படைப் பாடம். இலங்கை அரசுக்கு இது முதுநிலைப் பட்டம்.

2006 ஓகஸ்ட் 4இல் மூதூரில், பட்டினிக்கு எதிரான பிரெஞ்சுத் தொண்டு நிறுவனத்தின் ஊழியர்கள் 17 பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். 16 தமிழர், ஒரு முஸ்லிம். அந்த ஒக்டோபரில் உடல்களைத் தோண்டியெடுத்துப் பரிசோதித்தபோது பக்கத்தில் நின்ற அவுஸ்திரேலிய நிபுணர் ஒரு சன்னத்தை 5.56 மில்லிமீற்றர் என்று குறித்தார். அரச பகுப்பாய்வாளரின் அறிக்கையில் எல்லாம் 7.62. சன்னம் மாறியதா என்று சர்வதேச நீதியாளர் ஆணைக்குழு கேள்வி எழுப்பியது. பிறகு அந்த நிபுணரும் தான் கண்டது 7.62 ஆக இருக்கலாம் என்று சொல்லிவிட்டார். இரண்டு மில்லிமீற்றருக்கு ஏன் இவ்வளவு பாடு? 5.56 சுடும் எம்16 எல்லார் கையிலும் இல்லை. ஆளைத் தேட வழி விடும். 7.62 என்றால் ரி-56. ரி-56 ஆமியிடமும் இருந்தது, இயக்கத்திடமும் இருந்தது, ஆமியோடு கூட நின்ற குழுக்களிடமும் இருந்தது. யார் சுட்டாலும் மற்றவனைக் கைகாட்டலாம்.

7.62 ரவையின் உண்மையான மதிப்பு அங்கேதான் இருக்கிறது: அதற்குத் தகப்பன் பெயர் இல்லை. 17 பேருக்காக இன்றுவரை ஒருவரும் தண்டிக்கப்படவில்லை.

ரவையே இல்லை என்று சொல்லிவிடும் உயர்ந்த முறையும் உண்டு. அதே 2006 ஜனவரி 2இல் திருகோணமலைக் கடற்கரையில் ஐந்து மாணவர்கள் செத்தபோது, அவர்கள் கொண்டுவந்த கைக்குண்டு வெடித்ததாகத்தான் முதலில் சொன்னார்கள். செய்தியாளர் சுகிர்தராஜன் எடுத்த படங்களில் தலையில் சூட்டுக் காயம் இருந்தது. அதே மாதம் 24இல் அவரைச் சுட்டார்கள். விசேட அதிரடிப் படையினர் உட்பட வழக்கில் நின்ற 13 பேரும் 2019இல் விடுதலை. படம் எடுத்தவருக்குக் கிடைத்த ரவைக்கும் இன்றுவரை சொந்தக்காரன் இல்லை.

இறுதி மதிப்பீடு

இனி விலைக்கு வருவோம். அமெரிக்கக் கடையில் ஒரு 7.62 ரவை, சந்தை ஏறினாலும் இறங்கினாலும், அரை டொலர் அளவில் போகிறது. 2022 மார்ச்சில் இலங்கை அமைச்சரவை, காணாமல்போன ஒருவருக்கு அவரது குடும்பத்துக்கு ஒருமுறைக் கொடுப்பனவாக ஒரு லட்சம் ரூபா கொடுக்க அங்கீகரித்தது. அன்றைய மாற்று விலையில் நானூறு டொலருக்குக் கிட்ட. ஏறத்தாழ எண்ணூறு ரவை. ஒரு மனிதரைக் கொடுத்தால் ஒரு தகரப் பெட்டி நிரம்ப ரவை வாங்கலாம் என்று அரசு அதிகாரபூர்வமாக மதிப்பிட்டுவிட்டது. 2017 பெப்ரவரியிலிருந்து வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் தெருவோரக் கொட்டிலில் இருக்கும் தாய்மார் அந்தக் காசு வேண்டாம் என்றார்கள். அவர்களுக்கு வியாபாரம் தெரியவில்லையாம்.

கிளிநொச்சி நகர நடுவில் பிரமாண்டமான கொங்கிரீட் கட்டியைத் துளைத்துக்கொண்டு ஒரு செல்லைச் செருகி, மேலே தாமரை பூக்க வைத்திருக்கிறார்கள். வெற்றிச் சின்னம். துளைத்ததற்குச் சிலை உண்டு. துளைபட்டவரை நினைத்து மே 18ஐயொட்டி ஒரு சிரட்டைக் கஞ்சி காய்ச்சியபோது பொலிஸ் வந்து பானையைத் தூக்கியதும் உண்டு.

சிப்பாய் ஒவ்வொருவருக்கும் கொடுத்த ரவைக்கு இராணுவத்தில் பதிவேடு உண்டு. எத்தனை கொடுத்தது, எத்தனை சுட்டது, எத்தனை திரும்பியது; எல்லாவற்றுக்கும் ஒப்பம். ஒரு ரவை குறைந்தால் விசாரணை. இயக்கமும் இதில் சளைத்ததில்லை. ரவையை எண்ணி எண்ணிக் கொடுத்தது. பிள்ளைகளைத்தான் எண்ணாமல் எடுத்தது. போரின் கடைசி மாதங்களில் கடலேரியைக் கடந்து தப்பி ஓடின சொந்தச் சனத்தின்மேல் செலவழித்த ரவைக்கும் அவர்களிடம் ஒரு கணக்கு இருந்திருக்கும்.

2009 மே மாதம் வட்டுவாகலில் பெண்சாதிமார் பார்த்துக்கொண்டிருக்க, புருஷன்மார் ஆமியிடம் சரணடைந்து பஸ்ஸில் ஏறினார்கள். அந்தப் பட்டியல் எங்கே? முல்லைத்தீவு நீதவான் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு விசாரணை நடந்தபோது 58ஆவது படையணியின் தளபதி பட்டியல் இருக்கிறது என்றார். கொண்டுவரச் சொன்னபோது வந்தது புனர்வாழ்வு பெற்றவர்களின் பட்டியல். கேட்டது ஒன்று, கொடுத்தது இன்னொன்று. ஒரு ரவை தொலைந்தால் பதில் சொல்லவேண்டிய படையில், ஒரு பஸ் நிறைய மனிதர் தொலைந்ததற்கு எவரும் பதில் சொல்லவேண்டியதில்லை.

குழலுக்குள் இருக்கும்வரை ரவை அரசின் சொத்து. குழலை விட்டதும் அது யாருடையதுமில்லை. துருப்பிடித்து ஒரு கமக்காரன் கையில் பட்டதும் மறுபடி அரசின் வழக்கு.

மதிப்பீட்டாளர்களே, விலையை நீங்கள் சொல்லவேண்டாம். அதை நாங்கள் கொடுத்து முடித்துவிட்டோம், இரண்டு பக்கத்துக்கும். களஞ்சியத்தில் பூட்டி வைத்திருக்கும் அந்தப் பதிவேட்டைத் திறந்து வாசியுங்கள்: கொடுத்தவன் பெயர், வாங்கினவன் பெயர், சுடச் சொன்னவன் பெயர்.